தேர்தலில் நிற்கும் தன்னார்வலருக்குச் சால்வை போடலாமா?

8 டிசம்பர் 2019: ஒரு வாசகரின் கேள்வி

எங்கள் ஊர் மன்றத்தில் பல ஆண்டுகளாகக் குளம் தூர்வாருவது, ரத்ததான முகாம் நடத்துவது என்று ஓடியாடி உழைத்த மூன்று பேர் இந்த ஊராட்சித் தேர்தலில் நிற்கப் போகிறார்கள். வாக்குப்பதிவுக்கு முன் ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்து, பொன்னாடை போர்த்தி, அவர்கள் செய்ததை ஊருக்குச் சொல்லலாம் என்கிறேன். மன்றத்தில் பாதிப் பேர் கூடாது என்கிறார்கள். பணக்காரன் தன் புகழைத் தானே ஃபிளக்ஸ் அடித்து வைத்துக்கொள்ளும்போது, உழைத்தவனைப் பற்றி நாம் சொன்னால் என்ன குற்றம்?

8 டிசம்பர், இரவு

கூடாது. நாளை வேட்புமனுத் தாக்கல் தொடங்குகிறது. இனி ஜனவரி 2 வாக்கு எண்ணிக்கை முடியும்வரை ஒரு சால்வையும் வெறும் சால்வை அல்ல.

பட்டுத்தான் சொல்கிறேன். 2011 அக்டோபர் தேர்தலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது எங்கள் மன்றமும் இதையே செய்தது. திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர், பெயர் வேண்டாம். வரத்துக்கால்வாயில் சீமைக் கருவேலம் வெட்டுவதற்கு முதல் ஆளாக நின்றவர் தலைவர் பதவிக்கு நின்றார். மேடை போட்டோம், சால்வை போட்டோம், படம் எடுத்தோம். அந்தப் படம் எப்படியோ அவருடைய துண்டறிக்கைக்குப் போய்விட்டது. கீழே மன்றத்தின் பெயர். எதிர்த்து நின்றவரும் எங்கள் மன்றத்து உறுப்பினர்தான். சந்தா பாக்கி இல்லாத உறுப்பினர்.

நம்மவர் ஜெயித்தார். மறு ஆண்டு கால்வாய் வெட்டக் கூப்பிட்டபோது கீழத்தெருவிலிருந்து ஓர் ஆள் வரவில்லை. அதற்கு முன்பு நாற்பது மண்வெட்டி வரும் தெரு அது. ரத்ததான முகாம் இரண்டாகப் பிரிந்தது. ரத்தத்தில் கட்சி கிடையாது என்று மேடையில் பேசிய நாங்கள், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பந்தல் போட்டோம்.

9 டிசம்பர்

"அப்படியானால் நல்லவர்கள் நிற்கவே கூடாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. நிற்கட்டும். வார்டு உறுப்பினருக்கு வைப்புத்தொகை 200 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கு அதில் பாதி. இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டும், வரி பாக்கி இருக்கக் கூடாது. இதைவிட எளிய வாசல் எந்த அரசியலிலும் இல்லை. நிற்பதற்கு மன்றத்தின் மேடை எதற்கு என்பதுதான் என் கேள்வி.

11 டிசம்பர்

"சமூக சேவகர்" என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்.

பஸ் நிறுத்தத்திலிருந்து என் வீடுவரை இன்று ஏழு சமூக சேவகர்களை எண்ணினேன். எல்லோரும் ஃபிளக்ஸில் கைகூப்பி நிற்கிறார்கள். ஒருவர் மூன்று ஆண்டுகளாக ஊரிலேயே இல்லை. திருப்பூரில் கடை வைத்திருக்கிறார். இன்னொருவர் கோவிலுக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்தார். அது நன்கொடை. மைக் செட்டை ஒவ்வொரு விழாவுக்கும் தூக்கிக்கொண்டு போய்க் கட்டி, மழை வந்தால் நனையாமல் கழற்றி வைக்கிற பையன் ஒருவன் இருக்கிறானே, அவன் பெயர் எந்த ஃபிளக்ஸிலும் இல்லை. பணம் கொடுப்பவரை நன்கொடையாளர் என்று சொல்லலாம், தப்பில்லை. நேரம் கொடுப்பவர்தான் தன்னார்வலர்.

சில ஊர்களில் தலைவர் பதவியை ஏலம் விட்டார்கள் என்று பத்திரிகையில் வருகிறது. அது குற்றம் என்று மாநிலத் தேர்தல் ஆணையமும் எச்சரித்திருக்கிறது. ஏலம் எடுத்தவர் தரும் பணம் கோவில் திருப்பணிக்குப் போகிறதாம். அவரும் நாளை சமூக சேவகர்தான்.

13 டிசம்பர்

என் முதல் குறிப்பில் ஒரு பொய் இருக்கிறது. மூன்று நாளாக உறுத்துகிறது.

படம் "எப்படியோ" துண்டறிக்கைக்குப் போனது என்று எழுதினேன். எப்படியோ போகவில்லை. நான்தான் கொடுத்தேன். அச்சகத்துக்காரர் நல்ல படம் இருந்தால் கொடுங்கள் என்றார். என் மேசை இழுப்பறையில் இருந்ததை எடுத்து நீட்டினேன். ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை. கீழத்தெருக்காரர்கள் கோபித்தது மன்றத்தை அல்ல, என்னைத்தான் என்பது அவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எட்டு ஆண்டுகளாக "மன்றத்தின் தவறு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

14 டிசம்பர்

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து கேட்கிறார்: "நீங்கள் அன்று தவறு செய்தீர்கள் என்பதற்காக இன்று உழைத்தவர்கள் வாய்மூடி நிற்க வேண்டுமா?"

சரியான அடி. யோசிக்கிறேன்.

15 டிசம்பர், நீளமாக எழுதுகிறேன்

நாம் ஒன்றை மறந்து பேசிக்கொண்டிருக்கிறோம். 2016 அக்டோபரில் உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அந்த மாதம் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அன்றிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஊராட்சிகளை அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் பார்க்கிறார்கள். ஓர் அதிகாரிக்கு எத்தனை ஊராட்சி என்று எண்ணிப் பாருங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போவது? உறுப்பினர் இல்லை, தலைவர் இல்லை. ஊரில் யார் போன் எடுக்கிறாரோ அவரிடம்தான் போனோம்.

எங்கள் ஊரில் போன் எடுத்தவர் ஒரு தையல்காரப் பெண். தையல் அக்கா என்று சின்னப் பிள்ளைகள் கூப்பிடுவார்கள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், வழக்கமாகிவிட்டது. குடிநீர்த் தொட்டியின் வால்வு இறுகிக்கொண்டால் தொட்டி இயக்குபவரைத் தேடிப் பிடிப்பது இவர். நடுராத்திரியில் பிரசவ வலி வந்தால் 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வழிதெரியாமல் நிற்கக் கூடாது என்று ரோட்டு முக்கில் டார்ச் லைட்டோடு நிற்பதும் இவர். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அந்த வாரக் கடைசியில் இங்கிருந்து ஒரு மினி லாரி கிளம்பியது. அரிசியைவிடத் தார்ப்பாயும் மெழுகுவத்தியும் கொசுவலையும்தான் முதலில் வேண்டும் என்று யாரோ அங்கிருந்து சொல்ல, பாதி ஏற்றிய அரிசி மூட்டைகளை இறக்கவைத்துத் தார்ப்பாய் ஏற்றியவர் அவர்தான். எனக்கு அன்று எரிச்சலாக இருந்தது. அரிசி என்னுடைய வசூல்.

அவர் இப்போது வார்டு உறுப்பினருக்கு நிற்கிறார். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. எதிரே நிற்பவருக்குக் கணவர் இருக்கிறார், கணவருக்கு டிராக்டர் இருக்கிறது, டிராக்டரில் ஒலிபெருக்கி இருக்கிறது.

வார்டு உறுப்பினர் வேட்பாளர் 9,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது என்பது விதி. தலைவருக்கு 34,000. டிராக்டருக்கு டீசல் ஊற்றுபவர் அந்த விதியைப் படித்ததாகத் தெரியவில்லை. அப்படியிருக்க, மன்றம் மட்டும் நடுநிலை என்று வாயைப் பொத்திக்கொண்டால், அந்த நடுநிலையின் பலன் டிராக்டருக்குத்தான் போகும். 8-ஆம் தேதி நான் அடித்துச் சொன்ன "கூடாது" இப்போது என் காதிலேயே கொஞ்சம் தொண்டை கம்மியதாகக் கேட்கிறது.

15 டிசம்பர், பத்து நிமிடம் கழித்து

ஆனாலும் சால்வை வேண்டாம்.

17 டிசம்பர்

இன்று மனுப் பரிசீலனை. தையல் அக்காவின் மனு ஏற்கப்பட்டது. வீட்டு வரி ரசீது கைவசம் இல்லாமல் நேற்று முன்தினம் ஓடி ஓடி வாங்கியதாகக் கேள்வி. ஊராருக்கு முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர், சொந்த ரசீதைத் தொலைத்திருக்கிறார்.

பெண்கள் ஒதுக்கீட்டைப் பற்றி ஓர் ஆசிரியை எழுதியிருப்பதைப் படித்தேன். தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. வார்டு பெண்களுக்குப் போனதும் "தன்னார்வலர்" கணவர் மனைவியை நிறுத்துகிறார், துண்டறிக்கையில் அவர் செய்த வேலையெல்லாம் மனைவி பெயரில் வருகிறது, இதையும் பாராட்ட வேண்டுமா என்கிறார். நியாயம். ஆனால் தலைகீழாகவும் பாருங்கள் அம்மா. எங்கள் முகாம்களில் ரத்தம் கொடுத்தவருக்குப் பழச்சாறு கலக்கியது யார்? கால்வாய் வெட்டியவர்களுக்குக் கஞ்சி காய்ச்சியது யார்? படத்தில் மண்வெட்டி இருக்கிறது, கஞ்சிப் பானை இல்லை. அந்த மனைவிகளில் சிலர் பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்கள்தான், அவர்களையே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

இது தோன்றியதும் மன்றத்தின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 2009-இலிருந்து ஆறு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு வேலைநாளுக்கும் வந்தவர் பெயர், எத்தனை மணி நேரம். கஞ்சி காய்ச்சியவர் ஒருவர் பெயர்கூட இல்லை. என் கையெழுத்து.

19 டிசம்பர்

சின்னம் ஒதுக்கிவிட்டார்கள். வார்டிலும் தலைவர் பதவியிலும் கட்சிச் சின்னம் கிடையாதே, பொதுச் சின்னம்தான். தையல் அக்காவுக்குத் தையல் இயந்திரம் கிடைக்கும் என்று ஊரே எதிர்பார்த்தது. கிடைத்தது கட்டில். "ஒரு நாளாவது படுத்துத் தூங்கு என்று ஆணையமே சொல்கிறது" என்றார் அவர் அம்மா.

20 டிசம்பர்

மன்றக் கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. கடைசியில் ஒரு யோசனை ஒப்புக்கொள்ளப்பட்டது. என் யோசனை அல்ல, கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பியுடையது. பதிவேட்டில் இருப்பதை அப்படியே நகல் எடுத்து நூலகப் பலகையில் ஒட்டுவது. நிற்பவர், நிற்காதவர், 2011-இல் சண்டை போட்டுப் போனவர் என்று எல்லாருடைய பெயரும். பெயருக்கு எதிரே தேதியும் வேலையும் மட்டும். "சேவை" என்ற சொல் ஓர் இடத்திலும் வரக் கூடாது. விடுபட்டவர்கள் வந்து சொன்னால் இரண்டு பேர் சாட்சியோடு சேர்த்துக்கொள்வது.

பொருளாளர் கேட்டார்: ஏற்கெனவே மூன்று சால்வை வாங்கியாயிற்றே, கணக்கில் எப்படி எழுதுவது? யார் வாங்கச் சொன்னது என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

22 டிசம்பர்

பலகையில் ஒட்டி இரண்டு நாள் ஆகிறது. மகிழ்ச்சியாகப் படித்தவர்களைவிடச் சண்டைக்கு வந்தவர்கள் அதிகம். டிராக்டர்காரர் வந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னைக்கு அனுப்பிய சாமான்களைத் தன் வண்டியில்தான் திண்டுக்கல்வரை ஏற்றிச் சென்றதாகச் சொன்னார், வாடகை வாங்காமல். இரண்டு சாட்சி கேட்டேன். ஐந்து பேரைக் கூட்டிவந்தார். உண்மைதான், எனக்கும் மங்கலாக நினைவிருக்கிறது. சேர்த்துக்கொண்டோம்.

15-ஆம் தேதி அவரை நான் டிராக்டர், டீசல் என்று எழுதியதில் ஒரு கிண்டல் இருந்தது. பலகை அதில் பாதியைத் திருப்பி வாங்கிக்கொண்டது. டீசல் பற்றிச் சொன்ன மீதிப் பாதி அப்படியே இருக்கட்டும்.

24 டிசம்பர்

தையல் அக்கா வீட்டுப் பக்கம் போனேன். பலகையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன், மறைக்கவில்லை. ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்:

"அண்ணா, வெள்ளிக்கிழமை பூத்தில் உட்கார எனக்கு முகவர் இல்லை. நீங்கள் வருவீர்களா?"

நான் மன்றச் செயலாளர் என்றேன்.

"தெரியும். அதனால்தான் மேடைக்குக் கூப்பிடவில்லை, பெஞ்சுக்குக் கூப்பிடுகிறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவர் பல்லால் நூலைக் கடித்து அறுத்தார்.

26 டிசம்பர்

பிரசாரம் நேற்று மாலை 5 மணியோடு முடிந்தது. இன்று சூரிய கிரகணம். ஒன்பதரை மணிக்கு எங்கள் பக்கம் வளையமாகவே தெரிந்தது. பள்ளி மைதானத்தில் அறிவியல் ஆசிரியர் சூரிய வடிகட்டிக் கண்ணாடிகள் கொண்டுவந்திருந்தார். நான்கு கண்ணாடி, நூறு பிள்ளைகள். வேட்பாளர்கள் மூன்று பேர் ஒரே கண்ணாடிக்கு வரிசையில் நின்றார்கள். கைகூப்பக் கூடாத நாள் என்பதால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்கள். மரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சமெல்லாம் சின்னச் சின்ன வளையங்களாகத் தரையில் கிடந்தன. அரை மணி நேரம் ஊரில் யாரும் தேர்தலைப் பற்றிப் பேசவில்லை.

முகவராகப் போகவில்லை என்று தையல் அக்காவிடம் சொல்லி அனுப்பினேன். நேரில் சொல்லவில்லை.

27 டிசம்பர், இரவு

எங்கள் ஒன்றியத்தில் இன்று வாக்குப்பதிவு. ஆளுக்கு நான்கு சீட்டு: தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள், வார்டுக்கு வெள்ளை. எங்கள் சாவடியில் இரண்டு வார்டு, ஆகவே இன்னொன்றுக்கு நீலம். தையல் அக்காவுடையது நீலம். என் அம்மா வெளியே வந்து, "நாலும் குத்தியாயிற்று, எது எதற்கென்று கேட்காதே" என்றார்.

முகவர் பெஞ்சில் தையல் அக்காவின் தம்பி உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது வயது இருக்கும் என்று நினைத்திருந்தேன், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறார்களாம். வாக்காளர் பட்டியலில் பக்கம் புரட்டத் தெரியாமல் விழித்தான். பட்டியலை வைத்துக்கொண்டு அந்த ஊரில் மூன்று தேர்தல் உட்கார்ந்த ஆள் நான்.

3 ஜனவரி 2020

எண்ணிக்கை நேற்றுக் காலை 8 மணிக்குத் தொடங்கி இன்று விடிந்தும் ஓயவில்லை. பெட்டியைக் கொட்டி நிறம் நிறமாகப் பிரிப்பதற்கே பாதி நாள் போய்விட்டது.

தையல் அக்கா 6 வாக்கில் தோற்றார். செல்லாத வாக்கு 11.

செல்லாதவை எல்லாம் அவருடையவை என்று சொல்லவில்லை. இரண்டு சின்னத்துக்கும் நடுவே குத்தப்பட்ட சீட்டு சில இருந்ததாம். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எதிர்த்தரப்பு முகவர் பேசினார், அக்காவின் தம்பி பேசவில்லை. நான் இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்று பொருளாளர் சொன்னார். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

4 ஜனவரி

ஒருவர் கேட்கிறார்: "பார்த்தீர்களா? பாராட்டுக் கூட்டம் வைத்திருந்தால் 6 வாக்கு வந்திருக்காதா?"

வந்திருக்கலாம். ஆனால் இப்போது எனக்குத் தெரிகிற ஒன்றைச் சொல்கிறேன். நான் 8-ஆம் தேதி பேசியது இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பி. மன்றம் ஒதுங்கி நின்றது சரி. இன்றும் அதையே சொல்வேன், ஏனென்றால் டிராக்டர்காரர் குடும்பமும் மன்றம்தான், நாளைக்கு ரத்தம் அங்கிருந்தும் வர வேண்டும். செயலாளர் பொறுப்பை ஒரு வாரத்துக்கு அந்தக் கல்லூரித் தம்பியிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, தனி ஆளாக நான் பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. மன்றத்தின் நடுநிலையை எடுத்து என் தயக்கத்துக்குப் போர்வையாகப் போட்டுக்கொண்டேன். சால்வை யாருக்குப் போட்டோம் என்று கேட்டால், எனக்குத்தான்.

6 ஜனவரி

இன்று பதவியேற்பு. வைகுண்ட ஏகாதசியும் இன்றுதான். பெருமாள் கோவிலில் சொர்க்கவாசல் திறந்ததும், ஊராட்சி அலுவலகக் கதவு மூன்று ஆண்டுக்குப் பிறகு திறந்ததும் ஒரே காலை. கோவில் கதவில் சத்தம் இல்லை.

9 ஜனவரி

புதிய உறுப்பினர்களில் நான்கு பேரைக் காணோம். 11-ஆம் தேதி துணைத் தலைவருக்கு மறைமுகத் தேர்தல், அதாவது உறுப்பினர்கள் மட்டும் வாக்களிப்பது. காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் அந்த நாற்காலிக்கு அவ்வளவு மவுசு. கொடைக்கானலில் பனி பார்க்கப் போயிருக்கிறார்கள் என்றார்கள். அந்த நால்வரில் கேள்வி கேட்டவர் சொன்ன மாதிரியான ஒரு தன்னார்வலரும் இருக்கிறார். ஜெயித்தவர்களைப் பாராட்டுவதற்கும் கொஞ்சம் பொறுக்கலாம் போலிருக்கிறது. போர்த்துவதென்றால் கம்பளிதான் வாங்க வேண்டும்.

26 ஜனவரி

கிராம சபை. சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள் (குறைவெண் வருகை) வருமா என்று ஊராட்சிச் செயலர் கதவருகே நின்று தலை எண்ணிக்கொண்டிருந்தார். வந்தது. தேர்ந்தெடுத்த தலைவர் உட்கார்ந்து நடத்தும் சபை மூன்று ஆண்டில் இதுதான் முதல் தடவை.

தையல் அக்கா மூன்றாவது வரிசை. பெயர்ப்பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து கேட்டார்: மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்த தேதி தூணில் கடைசியாக எப்போது எழுதப்பட்டது? ஒருவருக்கும் தெரியவில்லை. ஜெயித்த உறுப்பினர் தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரே எழுந்து, "எனக்குத் தெரியாது. நீங்களே சொல்லுங்கள் அக்கா" என்றார். அக்கா சொன்னார். தீர்மானப் புத்தகத்தில் ஏறியது.

கூட்டம் முடிந்ததும் அக்காவின் தம்பியைப் பிடித்தேன். அடுத்த தேர்தலுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா, வாக்காளர் பட்டியலை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித் தருகிறேன் என்றேன். ஐந்து வருடம் இருக்கிறதே என்றான்.

மூன்று சால்வைகளில் ஒன்றைப் பொருளாளரின் மாமியார் குளிருக்குப் போர்த்தியிருப்பதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மற்ற இரண்டுக்கும் இன்னும் கணக்கு எழுதவில்லை. ஏழாவது நோட்டு வாங்கியாயிற்று. முதல் பக்கத்தில் கஞ்சி காய்ச்சியவர்களுக்கு ஒரு தனிப் பத்தி கோடு போட்டு வைத்திருக்கிறேன்.